யார் காலுக்கு மூன்று கட்டை?

தங்கராஜு கிராணி பத்தொன்பது வருஷமாகத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிறார். துரை ஒரு வேலை சொல்லி அதில் அவர் குறை வைத்ததே கிடையாது. "நடையை அளக்கும் கருவி ஒன்று வாங்கி வா" என்றார் துரை. இவரும் ஜாசினில் பஸ் ஏறி, மலாக்காவுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து மூன்றாம் வருஷம், காட்டோரத்து லயங்களையெல்லாம் பெயர்த்து ரோட்டோரத்து முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டைப் பெயர்க்கலாம், ரப்பர் மரத்தைப் பெயர்க்க முடியுமா? பின்காட்டில் பால் வெட்டும் பெண்கள் ஆறு மணிக்கு வேலிக் கதவு திறந்த பிறகுதான் கிளம்ப முடியும். அவ்வளவு தூரமும் நடந்து போய், வெட்டி, பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நடந்தே திரும்ப வேண்டும்.

அவர்களில் காளியம்மாவுக்குக் கைக்குழந்தை, நாலு மாதம். விடியலில் ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனால் மறுபடி முகம் பார்க்க மணி இரண்டாகிவிடும். ஆயா கொடுக்கும் டின் பாலைப் பிள்ளை கக்கிவிடும். அங்கே தாய்க்கு மார் கட்டிக்கொண்டு, சட்டை நனைந்து, வலி உயிரை வாங்கும். லாரி விட்டால் பன்னிரண்டுக்குள் பிள்ளையிடம் வந்துவிடலாம். துரையின் சட்டமோ, மூன்று கட்டைக்கு மேல் இருந்தால்தான் லாரி. மைலை அங்கே எல்லோரும் கட்டை என்றுதான் சொல்வார்கள்.

தோட்டத்து வரைபடத்தில் இரண்டு கட்டைதான் இருக்கிறது என்றார் துரை. "குன்றச் சுத்திப் போற பாதை படத்துல எங்க இருக்கு?" என்று கேட்டார்கள் பெண்கள். சரி, நடந்தே அளந்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மலாக்காவில் சீனருடைய கடிகாரக் கடையில் இரண்டு கருவிகளை எடுத்துப் போட்டார்கள். ஒன்று கால் எடுத்து வைத்த எட்டுகளை மட்டும் எண்ணும். மற்றது மைலாகவே காட்டிவிடும். நமக்கு வேண்டியது மைல்தானே என்று கிராணி இரண்டாவதை எடுத்தார். கடைக்காரர் அவரைக் கடை வாசலில் பத்து எட்டு நடக்கவிட்டு, நாடாவால் அளந்து, கருவியின் பின்னால் இருந்த திருகை முடுக்கிக் கொடுத்தார். கிராணி ஆறடி உயர மனிதர், அகலமாகக் கால் வைப்பவர். புதுச் சாமானைச் சரிபார்த்துத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் இவர்.

திங்கட்கிழமை காலை வேலிக் கதவருகே காளியம்மாவின் இடுப்புக் கயிற்றில் அதை மாட்டச் சொன்னார். "நேரா நிக்கணும், கையால தொடாத" என்று புத்தியும் சொன்னார். மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"தாலிக்கு அப்புறம் இவளுக்குக் கெடச்ச நகை இதான்லா!"

காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொண்டு போகிறார்களா என்று தடவிப் பார்க்கும் மலாய்க்காரப் பெண், டிக் டிக் என்ற சத்தத்தைக் கேட்டு, வெடிகுண்டோ என்று இரண்டடி பின்னால் போனாள். கிராணி ஓடிப்போய் மலாயில் விளக்கி அவளைச் சமாதானப்படுத்தினார்.

பால் வெட்டும் மர நிரைக்குப் போய்ச் சேர்ந்ததும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்து கருவியின் முள்ளைப் பார்த்துத் தாளில் குறித்து அனுப்பினார். நான்கு கட்டை! பெண்கள் அங்கேயே குலவை போட்டுவிட்டார்களாம்.

கிராணிக்கும் சந்தோஷம்தான். துரையிடம் போகுமுன், கருவியின் பெட்டியில் இருந்த விளக்கத்தாளை மத்தியானம் ஓய்வாக எடுத்துப் படித்தார். கருவியை அணிகிறவரின் எட்டை அளந்து திருகை வைக்கவும் என்று இருந்தது. கடைக்காரர் அளந்ததோ இவர் எட்டை! நாடாவை எடுத்துக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போனார்.

வேலை முடிந்து வந்திருந்த காளியம்மாவை நடக்கச் சொல்லி அளந்தார். அவர் எட்டு முப்பத்து மூன்று அங்குலம், அவள் எட்டு இருபத்திரண்டு. கணக்குப் போட்டால் இரண்டே முக்கால் கட்டைகூட வரவில்லை.

"தப்பாப் போச்சு, காளியம்மா. இது என் காலுக்கு முடுக்கின மெசினு. உன் காலுக்கு மாத்தினா மூணு வரல. தொரைகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

அவள் பிள்ளையை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கத்தவில்லை, அழவும் இல்லை.

"சொல்லுங்கய்யா. பொய் சொல்லி லாரி ஏற வேணாம். ஆனா அது எண்ணுனது மைலையா, என் காலையா?"

"கால் வைக்கிறதத்தான் எண்ணும். அப்புறம் மைலாக் காட்டும்."

"அப்ப எண்ணுனது சரிதான? நீங்க அத்தனை எட்டு வச்சா எங்க போயிருப்பீங்க?"

"நாலு கட்டை."

"அந்த அலுப்பு எனக்கு வருதுல்ல? அதையும் சேத்துச் சொல்லுங்கய்யா."

கிராணிக்கு முகம் சுண்டிவிட்டது. பத்தொன்பது வருஷம் இவர்கள் பேரை எழுதியிருக்கிறார். இவர்கள் நடையை ஒருநாள் நடந்து பார்த்ததில்லை.

துரையிடம் தன் தவறை முதலில் சொன்னார்.

"அப்படியானால் மூன்றுக்குக் கீழே. லாரி கிடையாது" என்றார் துரை.

"யெஸ் சார்" என்று தானாகச் சொல்லும் வாய்க்கு அன்று அது வரவில்லை.

"மூன்று மைல் என்றுதான் சட்டம் சொல்கிறது சார், யார் காலுக்கு என்று சொல்லவில்லை. நான் நான்கு மைலுக்கு வைக்கும் எட்டு அத்தனையும் அவள் வைத்தால்தான் அங்கே போய்ச் சேர்கிறாள். தினமும் நடக்கிறவள் அவள். நானும் நடப்பதில்லை, நீங்களும் நடப்பதில்லை."

துரை சுருட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான்கு என்றே எழுதிவிடு. லாரி போகட்டும்."

"இல்லை சார். இரண்டே முக்காலுக்குக் குறைவு என்று எழுதுகிறேன். லாரி என்றும் எழுதுகிறேன். மூன்றுக்குக் குறைவான தூரத்தில் நடக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களும் லாரி கேட்கலாம்."

துரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு அடிக்குமுன் லாரி வேலிக்குள் வந்து நின்றது. கிராணி ஆபீஸ் வாசலுக்கு வந்து பார்த்தார். காளியம்மா குதித்து இறங்கி ஆயாக்கொட்டகைக்கு ஓடினாள். அந்த நேரத்தில் அம்மா வருவாள் என்று பிள்ளைக்குத் தெரியாது. அது அவளைப் பார்த்துவிட்டு, ஆயாவின் தோளிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது. காளியம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அது திரும்புகிறவரை கையை நீட்டியபடியே நின்றாள்.