நாலு கோடிக்குப் பயப்படாதவன்

மமேஜிக்கு இந்த வாரம் ஒரே ஒரு வசனம்தான். "உயிர மட்டும் விட்டுடுங்க ஐயா, உங்க கால்ல விழுறேன்." அதற்கடுத்து ஓர் அலறல். அதற்கடுத்து ஆள் காலி.

நெகிஷி தொமொயே அதை இன்னொரு தடவை படித்துவிட்டு வசனப் பிரதியை மடியில் கவிழ்த்து வைத்தாள். மமேஜி என்ற அந்தக் குள்ளச் சண்டைக்காரனுக்குப் பதினோரு வருஷமாகக் குரல் கொடுப்பவள் அவள். ஐம்பத்தெட்டு வயசுப் பெண்பிள்ளையின் தொண்டையிலிருந்துதான் அவன் பேச்சும் சிரிப்பும் உதைபடும் சத்தமும் வந்துகொண்டிருந்தன.

"ஒன்பதாம் வாசல்" என்ற அந்தக் கார்ட்டூன் தொடர் ஆரம்பித்த புதிதில் மமேஜிதான் பிள்ளைகளுக்கு உயிர். தெருவில் டோஃபு என்கிற சோயாக்கட்டி விற்கிறவன், மொச்சைக்கொட்டை அளவு ஆள். தன்னைவிட இரண்டு மடங்கு பெரியவனையெல்லாம் தலையால் முட்டியே மண்ணைக் கவ்வ வைப்பான். பிறகு, தொடரின் வீரர்கள் படம் போட்டுச் சீட்டு விளையாட்டு விற்கிற கம்பெனிக்காரர்கள் வந்து, எந்த வீரனுக்கு எவ்வளவு பலம் என்று எண் போடச் சொன்னார்கள். மமேஜிக்குத் தொள்ளாயிரம் விழுந்தது. அவன் அதோடு நின்றான். எதிரிகள் நிற்கவில்லை, பத்தாயிரம், லட்சம், கோடி என்று வீங்கிக்கொண்டே போனார்கள். மமேஜிக்குக் கடைசியில் மிஞ்சியது, ஓரமாக ஒரு பாறைமேல் நின்று "அடேங்கப்பா, என்ன பலம்!" என்று அடுத்தவனைப் பார்த்து வாய் பிளக்கிற வேலை. அந்த ஒற்றை வரியைச் சொல்ல அவள் வாராவாரம் ரயில் பிடித்து யோயோகியில் இருக்கும் இந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தாள். கேவலமாகத்தான் இருந்தது. இருந்தும் வந்தாள்.

இன்றைக்கு அவனைக் கொல்கிறார்கள். கொல்லட்டும், சண்டைக்காரன் என்றால் ஒருநாள் சாக வேண்டியதுதான். ஆனால் கால் பிடித்துக் கெஞ்சியா?

"இந்த வசனத்தை நான் சொல்ல மாட்டேன்," என்றாள், ஒலிவாங்கியைப் பார்த்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலி இயக்குநர் மகபே பொத்தானை அழுத்தினார். "ஏன்? வாய் சுளுக்கிக்கிச்சா?"

"மமேஜி கெஞ்ச மாட்டான். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கெஞ்சினது கிடையாது."

"எதிர்ல நிக்கிறவன் நாலு கோடிம்மா. இவன் தொள்ளாயிரம். தொள்ளாயிரம் கெஞ்சாம என்ன பண்ணும், அவனுக்கு டோஃபு விக்குமா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த நடிகர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடேறியது. "பலம் கம்மின்னா மானமும் கம்மியா? அதுக்கும் நம்பர் போட்டுட்டீங்களா?"

"மகபே, சின்னப்பய குரல் போடுறவங்ககிட்ட எல்லாம் என்ன பேச்சு? எனக்கு சாயங்காலம் வேற ரெக்கார்டிங் இருக்கு."

இதைச் சொன்னவன் குரோசே. நாலு கோடிக்குக் குரல் கொடுப்பவன் அவன்தான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனும் அவளும் ஒரே நாடகக் குழுவில் வளர்ந்தவர்கள். ஒரு தடவை வருஷக் கடைசி விருந்தில், பொடியன் குரல் போடுகிறவளெல்லாம் நடிகையா என்று அவன் நாலு பேர் முன்னால் கேட்டான். இவள் ஒரு குவளை பியரை அவன் தலையில் கவிழ்த்தாள். இருபது வருஷமாகிறது, முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஒரே அறையில் மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் சுவரோடு பேசுவார்கள்.

"நாலு கோடிக்கு அவசரமாம்," என்றாள் அவள் சுவரிடம்.

படம் ஓடியது. இன்னும் வரைந்து முடியாத படம். பென்சில் கோடுகள்தான், முகங்களில் வாய்கூட இல்லை. திரையின் கீழே யார் பெயர் விளக்குபோல எரிகிறதோ அவர் பேச வேண்டும். மமேஜி பெயர் எரிந்தது. தொமொயே வாயைத் திறக்கவில்லை. பெயர் அணைந்தது. சிரிக்க வேண்டிய குரோசே "ஹா" என்று ஆரம்பித்து, எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் நிறுத்தினான்.

"மறுபடி," என்றார் மகபே. மறுபடியும் அதேதான். அதற்கு அடுத்த தடவை மகபே மேஜையில் ஓங்கி அடித்தது ஒலிபெருக்கியிலேயே கேட்டது.

"வெளிய போங்க! உங்க பழைய அலறல் மூட்டை மூட்டையா எங்ககிட்ட கிடக்கு. கெஞ்சல் இல்லைன்னா போகுது, அலறலை எடுத்து ஒட்டிக்கிறேன். நீங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைக்கூடத்து இயந்திரத்தில் காசு போட்டு ஒரு சூடான சோள சூப் டப்பா வாங்கினாள். அதைத் திறக்காமலே பிடித்துக்கொண்டு நின்றாள். பாவிகள், செத்தவன் சட்டையை உருவுகிற மாதிரி அவன் பழைய அலறலை எடுத்தே அவனைக் கொல்லப்போகிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதை முந்திக்கொண்டது.

தலைக்கு மேல், காத்திருப்பவர்களுக்காக மாட்டிய சின்ன ஒலிபெருக்கியில் உள்ளே நடப்பது கேட்டது. முதலில் அவளுடைய அலறல். இரண்டாம் வருஷத்தது, துறைமுக ரௌடி ஒருவன் மமேஜியைப் பலகையால் அடித்தபோது கத்தியது. அதன் பின்னால் குரோசேயின் சிரிப்பு.

"என்ன குரோசே சார், மீன் திருடுற ரௌடி மாதிரி இருக்கு?" என்றது மகபேயின் குரல். "இருங்க, வேற ஒண்ணு போடுறேன்."

அடுத்தது, கரடி கடித்தபோது அலறியது. குரோசே சிரித்தான். நாலு கோடி இப்போது ஒரு கரடி அளவுக்கு இருந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. அவன் இன்னும் ஓங்கிச் சிரித்தான். தொண்டை கட்டிக்கொண்டு இருமினான்.

தொமொயே டப்பாவைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் அடி வாங்கிக்கொண்டிருந்தோம் என்றுதான் நினைத்திருந்தாள். அடித்தவனுக்கெல்லாம் பலம் போனது இந்தத் தொண்டையிலிருந்து அல்லவா? சீட்டில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம். அதற்கு யாராவது ஒருத்தர் பயந்து காட்ட வேண்டும்.

"அந்தம்மா வெளியதான் இருக்கும். போய்க் கூப்பிடுங்க," என்றார் மகபே.

"நானா?"

"சிரிப்பு வராதது உங்களுக்குத்தானே?"

கனத்த கதவு திறந்தது. குரோசே வந்து இயந்திரத்தின் முன்னால் நின்றான். ஒன்றும் வாங்கவில்லை.

"வந்து ஒரு தடவை பயப்படு," என்றான்.

"யார்கிட்ட சொல்ற? மெஷின்கிட்டயா?"

அவன் திரும்பினான். "உன்கிட்டதான்."

"நாலு கோடி வெச்சிருக்கியே, பத்தலையா?"

"பத்தல." அவன் கழுத்துவரை சிவந்திருந்தது. "நீ பயப்படலன்னா நான் வெறும் தொண்டை கட்டின கிழவன். போதுமா? கேக்குறேன்ல, வா."

"கேக்குறியா, கெஞ்சுறியா?"

பல்லைக் கடித்தான். நடைக்கூடத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு இடுப்புவரை குனிந்தான். "எப்படி வேணா வெச்சுக்க."

குனிந்த அந்தத் தலையைப் பார்த்தும் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. "அந்தக் கெஞ்சல் வசனத்தை அடிச்சுத் தூக்கச் சொல்லு. வர்றேன்."

குரோசே முன்னால் போய்ச் சொன்னான். அவள் உள்ளே நுழைந்ததும், "அடிச்சாச்சு, அடிச்சாச்சு. வந்து தொலைங்க," என்றார் மகபே.

பெயர் எரிந்தது. மமேஜி மூச்சை இழுத்தான், தலையைத் தாழ்த்திக்கொண்டு நாலு கோடியை நோக்கி ஓடினான். அவன் போர்க்குரல் அவள் அடிவயிற்றிலிருந்து எழுந்தது, ஏறியது, பாதியில் அறுந்தது. அலறலாக மாறக்கூட அதற்கு நேரமில்லை. அப்புறம் எதுவும் இல்லை. அந்த வெறுமைக்குள் குரோசே மெல்லச் சிரித்தான். சுவரோரம் இருந்த ஒரு நடிகை பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாருக்கும் இப்போது நாலு கோடி சின்னவனாகத் தெரியவில்லை.

"எடுத்தாச்சு," என்றார் மகபே.

மமேஜி செத்துப்போனான். கெஞ்சாமல் செத்தான், அவள்தான் கொன்றாள், இனி அவளை யாரும் யோயோகிக்குக் கூப்பிட மாட்டார்கள். குரோசே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொன்னான். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் மேல்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் எதிரில் போய் நின்றாள்.

"நாலு கோடி குடுத்திருக்கேன், பத்திரமா வெச்சுக்க," என்றாள். "அடுத்த வாரம் உனக்குப் பயப்பட இங்க ஆள் கிடையாது."