இடி வாய் திறக்காத டேக்

அவருக்கு 'இடி' என்று பட்டப்பெயர். படத்தில் வில்லன் சிரித்தால் அது இவர் சிரிப்பு. விளம்பரத்தில் சிமென்ட் மூட்டை பேசினால் அது இவர் குரல். அந்தத் தொண்டையை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் அல்லவா? போகமாட்டார். பால் பொங்கினாலும் இடி, பல்பு போனாலும் இடி. இப்பேர்ப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு, புத்தரின் பழைய போதனைகளை ஒலிநூலாகப் படிக்கச் சொன்னவனுக்கு நெஞ்சழுத்தம் கொஞ்சநஞ்சமில்லை.

அவன் வேறு யாருமல்ல, மச்சினன். மனைவியின் தம்பி. பதிவுக்கூடத்தில் இரண்டே அறை. பஞ்சுப் பலகை ஒட்டிய உள்ளறையில் மைக்குக்கு முன்னால் இடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினோடு மச்சினன். அவன் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால், அது இடியின் காதில் மாட்டிய ஹெட்போனில் மட்டும் கேட்கும். மைக்கில் விழாது.

"மாமா, இன்னைக்குக் கோபத்தைப் பத்தின பகுதி. சாயங்காலத்துக்குள்ள குடுத்தாகணும். கொஞ்சம் சாந்தமா படிங்க."

"எனக்கு என்னடா கோபம்? எனக்கெல்லாம் கோபமே வராது!" என்றார் இடி. மெஷினில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி துள்ளிச் சிவப்பைத் தொட்டது.

கோபம் வராத மனிதரின் மனைவி, போன வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் ஒரு குடையால் வந்தது. வெளியே நல்ல மழை, குடையைக் காணோம். "வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கா இந்த வீட்டுல?" என்று ஆரம்பித்தவர், மாமனார் காலத்து மறதி வரைக்கும் போய்த்தான் மூச்சு விட்டார். நடுவில் அவள், "ஏங்க, அந்தக் குடைய நீங்க..." என்று வாயெடுத்தாள். "நானா? என்னைச் சொல்றியா?" என்று அதையும் அமுக்கிவிட்டார்.

வாசலில் நின்று அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "கல்யாணமான நாள்லேருந்து நான் பேச ஆரம்பிச்சத நீங்க முடிக்க விட்டதே இல்ல. என்னைக்கு முடிக்க விடறீங்களோ, அன்னைக்கு வரேன்."

அதற்கும் அவர் பதில் சொன்னார். அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு வீடு வெறிச்சோடிக் கிடந்தது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. போன் பண்ணி "வந்துடு" என்று சொல்லத்தான் நினைப்பார். அந்தப் பக்கம் அவள் வாய் திறந்ததும் இந்தப் பக்கம் தொண்டை தானாக ஏறிவிடும். அவள் இல்லாமல் தன்னால் முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லும் அளவுக்கு மெல்லிய குரல்தான் அவரிடம் இல்லை.

படிக்க ஆரம்பித்தார். அடுத்தவர் குற்றம் நம் கண்ணில் சட்டென்று படும், நம்முடையது மட்டும் எப்படியோ ஒளிந்துகொள்ளும் என்று ஓர் இடம் வந்தது. உருகி உருகிப் படித்தார். அப்படியே அவளுக்காகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டார். அடுத்தது தேரோட்டி. தறிகெட்டு ஓடும் தேர்போலக் கிளம்பிய கோபத்தை இழுத்து நிறுத்துகிறவன்தான் தேரோட்டி, மற்றவர்கள் சும்மா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள். குழைந்து குழைந்து அதைச் சொல்லி முடிக்கும்போது, மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"எவன்டா அவன்!"

ஹெட்போனில் மச்சினன் பெருமூச்சு விட்டான். "மாமா, தேரோட்டிக்கு அப்புறம் 'எவன்டா அவன்'னு புத்தர் சொல்லல. மறுபடி போலாம்."

ஒருவழியாகப் படித்து முடித்தார்கள். பாக்கி இருந்தது மௌனம். இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் எல்லோரும் கப்சிப்பென்று இருந்து, வெறும் அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒட்டுப்போட அது வேண்டும். சிவப்பு விளக்கு அணையும்வரை இருமக்கூடாது, அசையக்கூடாது. மீறினால் முதலிலிருந்து.

விளக்கு எரிந்தது. இடி கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. உள்ளே வந்தது அவருடைய மனைவி.

இடியின் உடம்பு நிமிர்ந்தது. மச்சினன் விளக்கைக் கையால் காட்டினான். பிறகு அந்தப் படுபாவி, தன் அக்காவுக்கு நாற்காலி போட்டு, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேசு என்று ஜாடை செய்தான்.

"பீரோ சாவி உங்ககிட்ட இருக்கு. அதுக்குத்தான் வந்தேன்." அவள் குரல் இரண்டு காதிலும் நிறைந்தது. "வேற எதுக்கும் வரல."

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விழுங்கினார்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். இடியிலிருந்து ஒரு முணுமுணுப்பும் வராதது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. "போன்லயும் இப்படி இருந்திருக்கலாம்ல? எங்க அப்பாவுக்கு மறதின்னு சொன்னீங்களே, அவர் உங்களைப் பத்தி ஒரு நாள் ஒரு வார்த்தை தப்பா பேசினதுண்டா?"

இல்லைதான். ஆனாலும் சொல்வதற்கு அவரிடம் நாலு விஷயம் இருந்தது. நாலும் தொண்டையில் முட்டி மோதின. காது மடல் சிவந்தது. தேர் தறிகெட்டு ஓடியது. கடிவாளத்தைப் பிடித்திருந்தது நிஜத்தில் அந்தச் சிவப்பு விளக்குதான். அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அவள் திட்டினாள். எதிர்ப்பேச்சு இல்லாமல் எவ்வளவு நேரம்தான் திட்டுவது? சீக்கிரமே சரக்கு தீர்ந்தது. குரல் தாழ்ந்தது.

"அன்னைக்கு நான் சொல்ல வந்தது என்ன தெரியுமா?" குனிந்தாள். மேஜைக்குப் பின்னால், ஒழுகும் ஏசிக்கு அடியில் விரித்து வைத்திருந்த ஒரு குடையை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். மரக்கைப்பிடி, ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்தது. அவருடையதேதான். "அந்தக் குடைய நீங்க உங்க மச்சினன் ஸ்டுடியோவுல மறந்துட்டு வந்துட்டீங்க. அவ்வளவுதாங்க. இதைத்தான் சொல்ல வந்தேன்."

இடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காலையில் உருகி உருகிப் படித்தது யாருக்காக என்று இப்போது தெரிந்தது.

"தம்பி நேத்து நீங்க படிச்சதைப் போட்டுக் காட்டினான்," என்றாள் அவள். "நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ முன்னப் பின்ன தெரியாத ஜனங்ககிட்ட எல்லாம் இவ்வளவு மெதுவா பேச வருது. நான் மட்டும் என்னங்க பாவம் பண்ணேன்? ராத்திரி அக்கா வீட்டுல படுத்துக்கிட்டு..."

பட்டென்று விளக்கு அணைந்தது.

"மெஷின்ல இடம் தீந்துபோச்சு," என்றான் மச்சினன். "அற்புதமான மௌனம் மாமா! நிமிஷக்கணக்கா எடுத்தாச்சு, ஒரு பிசிறு இல்ல. இப்ப நீங்க பேசலாம்."

கண்ணாடிக்குப் பின்னால் அவள் குடையை மடக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். இடி இறங்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். பழகிய முகம் அது.

இடி மைக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு டேக் போலாம்," என்றார். ஊசி அசைந்ததா என்றே தெரியவில்லை.

"எதுக்கு மாமா? இதே நல்லாத்தானே இருக்கு?"

"அவ இன்னும் முடிக்கல. லைட்டைப் போடுடா."