பெருஞ்சீரகத் தண்டு

எங்கள் லெம்னோஸ் தீவில் வருடத்துக்கு ஒன்பது நாள் எந்த வீட்டிலும் நெருப்பு இருக்கக் கூடாது. தேலோஸ் தீவிலிருந்து கப்பலில் புது நெருப்பு வரும்வரை ஊறவைத்த பார்லியும் ஆலிவ் காயும்தான் சாப்பாடு. யாராவது ஒரு நெருப்புக் கங்கை ஒளித்துவைத்தாலும் புது நெருப்பு தீட்டாகிவிடும்.

மூன்றாம் நாள், பக்கத்துப் பட்டறை மிர்த்தோ கையில் கைத்தடி கனமுள்ள காட்டுப் பெருஞ்சீரகத் தண்டோடு என் சூளையைத் தாண்டிப் போனாள். எனக்குத் திக்கென்றது. புரோமிதியஸ் எங்கள் கொல்லன் சாமியின் உலையிலிருந்து திருடிய நெருப்பை அந்தத் தண்டுக்குள்தானே ஒளித்துக்கொண்டு போனான்? உள்ளே இருக்கும் பஞ்சில் கங்கு வெளியே தெரியாமல் கனிந்துகொண்டே கிடக்கும்.

அவளும் என்னைப் போல் பானை செய்கிறவள். என் சூளைக்குள் நாற்பது ஜாடிகள் இருந்தன. சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றும்படி வாத்துக் கழுத்து வைத்து நானே யோசித்துச் செய்தவை, ஒரு வருட உழைப்பு. நோன்புக்கு முந்தின நாள் சுட்டு, சூளையின் வாயை மண்ணால் அடைத்திருந்தேன். ஜாடி வாங்கும் கப்பல்காரர்கள் வந்து என்னுடையதைப் பார்ப்பதற்குள் அதே மாதிரி செய்து சுட்டுவிடப் பார்க்கிறாள். வேறெதற்கு அவளுக்கு நெருப்பு?

"என்ன மிர்த்தோ, கையில தண்டு?"

"முட்டி வலி, லைகோன். ஊனிக்கிட்டு நடக்க."

"இத்தனை நாள் இல்லாத முட்டி வலி."

"உனக்கும் ஒண்ணு வெட்டித் தரவா? சந்தேகத்தைச் சுமந்தே கூன் விழுந்துரப் போகுது."

சிரித்தாள். அந்தச் சிரிப்பே சரியில்லை. நேரே பூசாரியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வந்து தண்டைப் பிளந்தார். வெள்ளைப் பஞ்சு. ஒரு கருகல்கூட இல்லை.

"புகார்னு வந்துட்டா தெரு முழுக்கப் பாக்கணுமே ஐயா," என்றாள் மிர்த்தோ.

"ஆமா, அதான் வழக்கம்." பூசாரி என் சூளைச் சுவரில் கையை வைத்தார். "சுடுதே, லைகோன்."

"வெயிலுங்க ஐயா."

தினமும் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். கங்கை வாரினால் சூளை சட்டென்று ஆறி ஜாடிகள் விரிசல் விடும். அதனால் வாராமலே அடைத்தேன். தானாக அணைந்துவிடும் என்று நம்பினேன்.

மண்ணை உடைத்ததும் காற்றுப் பட்டு அடிச்சாம்பல் சிவந்தது. பூசாரி தண்ணீர்ப் பானையை என்னிடமே நீட்டினார்.

"வச்சவன்தான் அணைக்கணும்."

ஊற்றினேன். உள்ளே ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம் கேட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மிர்த்தோ பிளந்த தண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குப் போனாள். நிஜமாகவே முட்டி வலிதான் போலிருக்கிறது.