தாய்மாமன் பிறந்த வீடு

கூட்டேரிப்பட்டில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பூமாலைக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. அப்பா கிருஷ்ணசாமி கூண்டு வண்டியோடு காத்திருந்தார். அம்மா செத்த வருஷம் திரும்புவதற்குள் அவர் காந்திமதியைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பூமாலை பிறந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று திண்டிவனத்தில் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வேறு வழியில்லாமல்தான் வந்தாள்.

வழிநெடுக அப்பா மழையைப் பற்றியும் மல்லாட்டைக் கடலை விளைச்சலைப் பற்றியும் பேசினார். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வண்டி வாசலில் நின்றது. ஆரத்தித் தட்டோடு காந்திமதி வெளியே வந்தாள். அவளுக்கும் வயிறு முன்னே தள்ளிக்கொண்டிருந்தது.

பூமாலை அவளைக் கடந்து உள்ளே போனாள். அப்பா தண்ணீர் குடிக்க வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"மவளும் பொண்டாட்டியும் ஒண்ணா புள்ள பெத்தா ஊரு சிரிக்காதா? எங்க மாமியாருக்கு நான் என்னான்னு சொல்றது?"

கிருஷ்ணசாமி சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனவர், பொழுது சாய்ந்துதான் திரும்பினார்.

காந்திமதி இவளைவிட இரண்டொரு வயதுதான் மூத்தவள். அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில், மற்ற நேரமெல்லாம் வேலை. அதைப் பூமாலை திமிர் என்றே எடுத்துக்கொண்டாள். ஆனாலும் வெந்நீர் காய்கிற நேரத்துக்குக் காய்ந்தது. நாக்குக்கு இதமாகப் புளிக்குழம்பு வந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே அவளுக்கு ஒரு குறையாக இருந்தது.

மருத்துவச்சி முனியம்மாள் வந்து பூமாலைக்குப் பிரசவம் பார்த்தாள். ஆண் குழந்தை. நிறைமாத வயிற்றோடு காந்திமதிதான் மருந்து இடித்துக் கொடுத்தாள், துணி அலசினாள். பத்து நாள் கழித்து அவளுக்கும் வலி கண்டது. அதுவும் ஆண்தான். ஆனால் பிரசவம் லேசாக இல்லை. ரத்தம் நிறையப் போய், ஜுரமும் வந்து, கிழிந்த நாராகக் கிடந்தாள். ஒரு சொட்டுப் பால் இல்லை. முனியம்மாள் சங்கில் ஆட்டுப்பால் புகட்டிப் பார்த்தாள். குழந்தை குடித்ததையெல்லாம் கக்கியது.

மறுநாள் உச்சிவேளை. பூமாலை தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டிருந்தாள். அடுத்த அறையில் அந்தக் குழந்தை அழுதது. முதல் நாள் இருந்த தெம்பு அந்தக் குரலில் இல்லை. அந்த அழுகையைக் கேட்டதும் இவளுக்குப் பால் சுரந்து முந்தானை நனைந்துபோயிற்று. உடம்புக்கு மானம் ரோஷமே கிடையாதா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. இன்னொரு தரம் அழுகிறதா என்று காத்திருந்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு அவளால் உட்கார முடியவில்லை.

எழுந்து போய், முனியம்மாள் மடியிலிருந்து குழந்தையை வாங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மார்பில் வைத்தாள். முதலில் அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை. பிறகு பிடித்துக்கொண்டது.

பாயில் கிடந்த காந்திமதி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"உம் புள்ளைக்குப் பத்துமா?"

"ரெண்டுக்கும் இருக்குது. நீ படு, சின்னம்மா."

காந்திமதியின் கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. பூமாலைதான் துடைத்துவிட்டாள்.

"நானும் சித்திகிட்ட வளந்தவதான்," என்றாள் காந்திமதி. "வாயத் தொறந்தா நானும் அவ மாதிரி பேசிடுவேனோன்னு பயந்துக்கினுதான் சும்மா இருந்தேன்."

பூமாலை குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

கிருஷ்ணசாமி மரக்காணம் வரைக்கும் போய், தாய்ப்பால் ஊறுவதற்குப் பால்சுறா வாங்கி வந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல் மீனை முறத்தில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். பூண்டு எங்கே என்று பூமாலை கேட்டாள். அவள் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் பூண்டு வாங்கத் திரும்பவும் ஓடினார்.

ஜுரம் விட்டுக் காந்திமதி நடமாட ஆரம்பித்ததும், வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லாமல் போயிற்று. மூன்றாம் மாதம் அழைத்துப் போக வந்த புருஷன் சீனுவாசனிடம், தம்பி இன்னும் பால் மறக்கவில்லை என்று சொல்லிப் பூமாலை திருப்பி அனுப்பினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு மூட்டை மல்லாட்டையோடு பஸ் ஏறினான்.

அடுத்த பங்குனியில் மயிலம் கோயிலில் பேரனுக்கு மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். திண்டிவனத்திலிருந்து மாமியாரும் வந்திருந்தாள். கூடப்பிறந்தவன் இல்லாத மருமகள் யார் மடியில் பிள்ளையை உட்கார வைக்கப்போகிறாள் என்று அவளுக்கு ஒரே யோசனை. பங்காளி யாரையாவது கூப்பிடலாம் என்றாள்.

"எதுக்கு அத்தே? மாமன் இருக்கறானே," என்றாள் பூமாலை.

காந்திமதி சப்பணம் போட்டு உட்கார்ந்து தன் மகனை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மடிமேல் பூமாலை தன் மகனை வைத்தாள். மருமகன் கனம் தாங்காமல் தாய்மாமன் நெளிந்தான். கிருஷ்ணசாமி பின்னாலிருந்து இரண்டு முதுகையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் யாருக்கு மொட்டை என்று கேட்டார்.

மாமியார்தான் முதலில் சிரித்தாள்.