விருந்தாளியை எழுப்பும் நாற்காலி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாற்காலிக்காரரின் மைத்துனன் வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லித்தான் பெட்டியோடு வந்தான். வேலை தன்னைத் தேடி வரும்போது ஆள் இல்லாமல் போய்விடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியோ என்னவோ, கூடத்தை விட்டு நகராமல் குத்துக்கல்லாக உட்கார்ந்துவிட்டான்.

நாற்காலிக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். பல் மருத்துவர்கள் நம்மைச் சாய்த்துப் படுக்கவைக்கிறார்களே, அந்த நாற்காலிகளைப் பழுது பார்ப்பவர். ஏறாததை ஏற்றுவார், இறங்காததை இறக்குவார். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவனை எழுப்ப வழி தெரியவில்லை. போ என்று வாயைத் திறந்து சொல்லலாம்தான். ஆனால் அவர் மனைவி தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். "என் தம்பியை யாராவது போன்னு சொன்னா, நாங்க ரெண்டு பேரா போவோம்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவளில்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எனவே போ என்று எந்த வாயும் சொல்லக் கூடாது, அவனுக்கே போகத் தோன்ற வேண்டும் என்று முடிவெடுத்து நாற்காலி செய்தார்.

பார்ப்பதற்குச் சாதாரண நாற்காலி. உட்கார்ந்தவுடன் உள்ளே ஒரு பல்சக்கரம் சுற்றத் தொடங்கும். இருக்கை கண்ணுக்குத் தெரியாமல் முன்பக்கம் சரியும். சற்று நேரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டில் ஏதோ வேலை இருப்பதாக ஞாபகம் வரும். காப்பீட்டு முகவர் பாதி வாக்கியத்தில் எழுந்து போனார். மாடி வீட்டுக்காரர் தன் முழங்காலைப் பற்றிப் பேச வந்து, முழங்காலுக்கு வருவதற்குள் விடைபெற்றார். மைத்துனன் மட்டும் எழவில்லை. எதிரே இருந்த சின்ன மேசையில் ஒரு காலை முட்டுக் கொடுத்துக்கொண்டான். சரியச் சரிய அழுத்திக்கொண்டான். அவ்வளவுதான்.

ஆனாலும் நாற்காலிக்காரர் சோர்ந்துவிடவில்லை. உலகத்தில் மைத்துனன் இல்லாத வீடு ஏது? காப்புரிமை எடுத்துவிட்டால் வீட்டுக்கு வீடு இந்த நாற்காலிதான் என்று மனக்கோட்டை கட்டினார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இதை வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கச் சொல்லி, ஒரு பல் மருத்துவர் வாய் நிறையப் பஞ்சோடு கிடந்த நோயாளியின் தலைக்கு மேலாக அவருக்குப் புத்தி சொன்னார்.

தேடினார். தன் கண்டுபிடிப்புக்கு எழுப்பாசனம் என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தார். அதைக் கணினியில் தட்டினார். ஒன்றுமில்லை. நடுவில் இடம் விட்டுத் தட்டினார். அப்போதும் இல்லை. அடக்க முடியாத சந்தோஷத்தில் கூடத்தில் ஒரு சுற்று நடந்தார். கிடைக்கவே கூடாது என்று தேடுகிறவனுக்குக் கிடைக்காமல் போவதில் என்ன அதிசயம்? கண்ணை மூடிக்கொண்டு கடன்காரனைத் தேடினால் தெரு காலியாகத்தான் இருக்கும்.

சரிந்த நாற்காலியிலிருந்து மைத்துனன் தலையைத் தூக்காமலே ஒரு சந்தேகம் கேட்டான். நீங்கள் வைத்த பெயர், நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட்டுச் செத்துப்போனவனுக்கு எப்படித் தெரியும்? பெயரைத் தேடக் கூடாது, அது என்ன செய்கிறது என்பதைத் தேட வேண்டும் என்றான். அவன் முன்பு ஒரு பேருந்து நிறுவனத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் இருந்தவன். எல்லாரும் வந்து 'என் பெட்டி, என் பெட்டி' என்று அழுவார்களாம். பெட்டிக்கு அவர்கள் பெயரா தெரியும்? சக்கரம் எத்தனை, பூட்டு எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் கிடைக்குமாம். கொடுங்கள், நான் தேடுகிறேன் என்று கையை நீட்டினான்.

நாற்காலிக்காரர் தேள் கொட்டிய திருடனாக நின்றார். இது உன்னை விரட்டுகிற நாற்காலி, நீ தேடாதே என்று சொல்ல முடியுமா? மடிக்கணினியைக் கொடுத்தார்.

அதன்பிறகு மைத்துனன் வேறு ஆளாகிவிட்டான். நாற்காலி, இருக்கை, ஆசனம் என்று ஒரு பக்கம். சரிதல், சாய்தல், வழுக்குதல் என்று இன்னொரு பக்கம். விருந்தாளி, பார்வையாளர், அமர்ந்திருப்பவர் என்று மற்றொரு பக்கம். மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்துத் தேடினான். சற்று ஒத்துப்போகிற ஒரு பழைய காப்புரிமை கிடைத்ததும் அதன் முகப்பிலிருந்த வகைப்பாட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டான். என்ன பெயர் வைத்திருந்தாலும் ஒரே வேலையைச் செய்கிற சாமான்களையெல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் போட்டு வைப்பார்களாம். அந்தக் குவியலில் கடை மூடும் நேரத்தில் குடிகாரர்களைக் கீழே இறக்கிவிடும் முக்காலி இருந்தது. மாடுகளைச் சிந்திக்கவிடாமல் வண்டியில் ஏற்றும் சரிவுப் பலகை இருந்தது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய எதை மேற்கோள் காட்டுகிறது, தன்னைப் பிற்பாடு எது மேற்கோள் காட்டியது என்று முன்னும் பின்னும் தோண்டினான். நாற்காலி சரியும், கணினியோடு அவனும் சரிவான், தரையைத் தொடுவதற்குள் மறுபடி ஏறி உட்கார்ந்து தேடுவான். தனக்காக ஒருவன் இவ்வளவு பாடுபட்டு நாற்காலிக்காரர் பார்த்ததில்லை. முதல்முறையாக அவனுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார். மனசு குறுகுறுத்தது.

ஒரு மாலை, கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எங்கோ தூர தேசத்தில், எந்தக் காலத்திலோ தட்டச்சு செய்த காகிதம். 'அமர்ந்திருப்பவரிடத்தில் புறப்படும் எண்ணத்தை உண்டாக்கும் இருக்கை.' படத்தில் அதே சரிவு, அதே பல்சக்கரம். சின்ன மேசைகூட இருந்தது. அதன் அடியில் உருளைகள் வரைந்து, 'அமர்ந்திருப்பவர் காலை ஊன்றினால் மேசை விலகிச் செல்லும்' என்று தனியாக ஓர் உரிமை வேறு கோரியிருந்தார் அந்த மனிதர். இது தனக்குத் தோன்றவில்லையே என்று நாற்காலிக்காரருக்கு வயிறு எரிந்தது.

இத்தனை பழசு என்றால் காலாவதியாகியிருக்குமே என்று நப்பாசையோடு கேட்டார்.

"ஆயிடுச்சு அத்தான். இப்ப யாரு வேணா செய்யலாம். ஆனா புதுசுன்னு இனிமே யாரும் சொல்லிக்க முடியாது."

பிறகு அந்தக் கண்டுபிடிப்பாளரின் பெயரை அழுத்தி, மனிதர் வேறு என்னென்ன பதிந்திருக்கிறார் என்று பார்த்தான். வரிசையாக வந்தன. நாற்காலிக்கு அடுத்து, இரண்டு பேருக்கு மேல் சமைக்க முடியாதபடி உள்ளே தடுப்பு வைத்த பாத்திரம். அதற்கடுத்து, கோபத்தில் அறைந்து சாத்தினாலும் ஓசை எழுப்பாத வாசற்கதவு. பின்பு ஒருவருக்கான பாத்திரம். பின்பு, தன் முதுகுக்குத் தானே தைலம் தேய்த்துக்கொள்ள வளைந்த கைப்பிடியுள்ள கருவி. மைத்துனனுக்குக் குரல் தணிந்துகொண்டே வந்தது. கடைசியாக இருந்ததைப் படித்தான்.

"யாரும் வராமலே அவ்வப்போது தானாக ஒலிக்கும் அழைப்பு மணி. எப்போது ஒலிக்கும் என்று வீட்டிலிருப்பவர் முன்கூட்டி அறிய முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து சென்று கதவைத் திறப்பார்."

அதற்குப் பிறகு அந்த மனிதர் எதையும் பதியவில்லை.

நாற்காலிக்காரர் அந்த வரிசையை மறுபடி மேலிருந்து கீழே படித்தார். நாற்காலியில் தொடங்கி மணியில் முடிந்த அந்த வீட்டை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். பயமாக இருந்தது. மைத்துனனும் திரையை மூடவில்லை.

"இந்த நாற்காலி எனக்குத்தான்னு மொத நாளே தெரியும் அத்தான்" என்றான். "யாராவது முன்னாடியே செஞ்சிருந்தா நீங்க விட்டுடுவீங்கன்னுதான் இப்படித் தேடினேன்."

அடப்பாவி என்று தோன்றியது அவருக்கு. அந்தக் கணமே அழுகையும் வந்தது.

"ஆனா இந்த ஆளைப் பார்த்தா பாவமா இருக்கு. அங்க உக்காந்திருந்தவன் தானா எந்திரிச்சுப் போயிருந்தா, இவரு அந்த மணி வரைக்கும் வந்திருக்க மாட்டாரு." சொல்லிவிட்டு மேசையிலிருந்து காலை எடுத்தான். இரண்டு மழைக்காலமாக எந்தச் சக்கரத்தாலும் முடியாததைச் செய்தான். எழுந்து நின்றான்.

ஒரே காகிதக்கட்டைப் படித்துவிட்டு இரண்டு பேரும் இரண்டு பாடம் கற்றுக்கொண்டால் என்ன செய்வது? நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று நாற்காலிக்காரர் தடுமாறினார். கதவைப் பார், பாத்திரத்தைப் பார், அங்கே உட்கார்ந்திருந்தவன் எழுந்து போன பிறகுதானே எல்லாம் ஆரம்பித்தது என்று வாதாடினார். மைத்துனனோ, அந்த விருந்தாளி எழுந்து போக அவ்வளவு தாமதித்ததால்தான் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தான்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வந்தாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணை அளந்துவிட்டு வந்தவள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் பார்த்தாள்.

"போறேன்க்கா" என்றான் தம்பி.

அவள் கணவரைப் பார்த்தாள். யார் போகச் சொன்னது என்று கேட்கும் பார்வை. அவள் பின்னால் கதவு இன்னும் திறந்தே இருந்தது.

இருக்கச் சொல்வதற்கு ஒரு கருவி செய்து வைத்திருக்கக் கூடாதா என்று நாற்காலிக்காரர் நினைத்தார். அப்படி ஒன்றை எந்த எண்ணின் கீழும் யாரும் பதிந்திருக்கவில்லை. வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போகாதே மச்சான். நான் தேடினா எதுவும் கிடைக்காது. நீ இரு."

அவள் திரும்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"அந்த நாற்காலி எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? அதை என்ன பண்ணப் போறீங்க?"

"வேண்டாம்மா" என்றார். "அதை ஏற்கெனவே ஒருத்தரு செஞ்சு பார்த்துட்டாரு."