ஒரே புகை

என் கல்யாணம் முடிவான நாளிலிருந்து அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை.

இருவருக்கும் ஒரே பட்டறை. ஜன்னல் கிரில், கேட் செய்கிறோம். அவள் வெல்டிங் வைப்பாள். நான் பிசிறு தேய்த்துப் பெயின்ட் அடிப்பேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதென்று எதிர்க்கடைத் தையல்காரர் சண்டைக்கு வந்தபிறகு, ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வேலை. அவருக்கு நிம்மதி, புகை முழுக்க எங்களுக்கு.

நான் போய்விட்டால் பட்டறையில் அவள் தனி. அந்தக் கோபம்தான் என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் உம்மென்றே உட்கார்ந்திருந்தாள்.

"மனசுல இருக்கறதக் கொட்டித் தொலையேன்க்கா."

"ஒண்ணுமில்லடி."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எனக்கும் ரோஷம் வந்தது. ஒரே அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம்.

பிறகு அவள் பற்றவைக்கும் கோடு நெளியத் தொடங்கியது. நூல் பிடித்ததுபோல் போகும் கோடு, மண்புழு ஊர்ந்ததுபோல் ஆனது. கை நடுங்கியது. ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். வெல்டிங் பட்டறை என்றதும் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

"உங்க அக்காவுக்கு ரத்தத்துல இரும்பு ரொம்பக் கம்மி" என்றார் டாக்டரம்மா. அக்காவிடம் திரும்பி, "மாசாமாசம் நிறையப் போகுதாம்மா?"

"எல்லாப் பொம்பளைக்கும் போறதுதானே."

"நாள் பூரா இரும்போட மல்லுக்கட்டுறவளுக்கு இரும்பு இல்லையா?" என்றேன், வேடிக்கையாக.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இரும்பு பத்தலைன்னா உடம்பு அதைத் தேடி வாசலை அகலமாத் திறந்து வச்சிடும். அதே வாசல்லதான் மாங்கனீஸும் நுழையும். உங்க வெல்டிங் புகையில அது இருக்கு. ரத்தத்துல ஏறி, மூளையில போய்த் தங்கிடும்."

"நானும் அதே புகையிலதானே நிக்கிறேன்?"

"அவங்க அளவுக்குக் கிட்டக்க நிக்கல. உங்களுக்கு இரும்பும் போதுமா இருக்கு. ரெண்டும் சேர்ந்து உங்களைக் காப்பாத்தியிருக்கு." அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "கை மட்டுமில்லம்மா. முகத்துத் தசையும் இறுகிடும். உள்ள சிரிச்சாலும் வெளிய தெரியாது. கவனிக்கலையா?"

கவனித்தேன். வேறு பெயர் வைத்துக் கவனித்தேன்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"இரும்பு ஏத்திடலாம். இனிமே அந்தப் புகைப்பக்கமே போகக்கூடாது. ஆனா இறுகினது எவ்வளவு இளகும்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே நீளமான பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

"எம்மேல கோவமே இல்லையாக்கா?"

"என்னடி கோவம்? மாப்பிள்ளையோட அப்பா மடியில டீயக் கொட்டினியே, அன்னைக்குச் சத்தம் வராம வயிறு வலிக்கச் சிரிச்சேன். நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."

"நீ சிரிச்சத நான் பாக்கலையே…"

"இப்பக்கூட அந்த மனுஷன் துள்ளினத நெனச்சு சிரிச்சிக்கிட்டுதான் இருக்கேன். தெரியலையா?"

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. உதட்டோரம், கண்ணோரம் என்று ஒவ்வொரு இடமாகத் தேடினேன். அவள் காத்திருந்தாள்.

"தெரியுதுக்கா" என்றேன்.