டெரிக் அடித்த பெனால்டி

கோபாலசிங்கம் தரையில் குந்தியிருந்து டெரிக்கின் இடது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று தழும்புகள். இங்கிலாந்தில் பதினாறு வருடம் பந்தடித்த கால். இத்தாலியில் ஒரு பலெர்மோக்காரியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்ட மனுசனுக்கு இப்போது கழிப்பறைக்குப் போகவும் ஆள் வேண்டும்.

"கடைசிப் பெனால்டி நான்தானே அடிச்சனான்? என்ன நடந்தது?"

விடிந்தால் இதே கேள்விதான்.

"கோல், சேர். வலது மூலை. கோலி அசையவே இல்லை."

டெரிக் சிரித்தபடி கோப்பியைக் குடித்தார்.

உண்மையில் பந்து கம்பத்துக்கு மேலால் போனது. வேலைக்கு வந்த புதிதில் கோபாலசிங்கம் அதைத்தான் சொன்னார். கிழவர் தினமும் அதைப் புதிதாகக் கேட்டு அழுதார், சாப்பிட மாட்டேன் என்றார். பத்தாம் நாள் கோபாலசிங்கம் பொறுக்கமுடியாமல் கோல் என்று சொல்லிவிட்டார். நாலு வருடமாக அது கோல்தான்.

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஞானாம்பிகை கேட்டாள், "பேப்பரிலை கையெழுத்து வாங்கினீங்களே? வெள்ளிக்கிழமை குவெஸ்தூராப் பொலிசிலை குடுக்கவேணும்."

"டிவிக்காரர் போனாப்பிறகு வைக்கிறன் எண்டு சேரின்ர மகள் கிளறா சொன்னவ."

"வேலை இருக்கெண்டு அவ எழுதித் தராட்டி இந்த நாட்டிலை இருக்கப் பெர்மெஸ்ஸோ இல்லையப்பா. விளங்குதே?"

"ஓம், விளங்குது."

கிளறா லண்டன் டிவிக்காரர்களோடு வந்தாள். அப்பாவுக்குப் பழைய ஜெர்சியை மாட்டி நாற்காலியில் இருத்தினாள்.

"அந்தப் பெனால்டியைத் தவறவிட்டது இப்பவும் வலிக்குதா?" என்று கேட்டான் டிவிக்காரன்.

"தவறவிட்டனோ? அது கோல்! கோபால், நீயே சொல்லு!"

கமராக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கிளறா கோபாலசிங்கத்தை முறைத்தாள். அவர் டெரிக்கின் முகத்தைப் பார்த்தார். பாழாய்ப்போன வாய், வேறு எதுவும் வரவில்லை.

"ஓம் சேர், கோல்."

அவர்கள் போனதும் கிளறா குசினிக்கு வந்தாள். "என்ர அப்பாவைக் கோமாளியாக்கிப்போட்டாய்."

"உண்மையைச் சொன்னா அழுறார், சிஞ்ஞோரா."

"பொய்க்காரனை நம்பி அப்பாவை விடேலாது. மாத முடிவோட ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ." கையெழுத்தில்லாத பேப்பரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு கைபேசியில் பழைய ஆட்டத்தைப் போட்டு அப்பாவுக்குக் காட்டினாள்.

அழுகை குசினிவரை கேட்டது. அரை மணித்தியாலம் ஓயவில்லை. ஞானாம்பிகை ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

கதவு திறந்தது. கிளறா உள்ளே வரவில்லை.

"கோபால், ஒருக்கா வா. வந்து கோல் எண்டு சொல்லிவிடு."

கோபாலசிங்கம் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போய் டெரிக்கின் முன்னால் குந்தி, அந்த முழங்காலைப் பிடித்தார்.

"வலது மூலை, சேர்," என்றார். "கோலி அசையவே இல்லை."